பழைய கணினியும் புதிய இறுவட்டும்

எல்லப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வயது முதிர்ந்த மலையொன்றைப் புதுப்பிப்பதற்கு இரண்டு வழிகளைக் கையாளுவார்கள். பட்டுப்போன செடிகளின் இடத்தில் மட்டும் புதுக் கன்றுகளை வைத்து, எஞ்சியவற்றைக் கவ்வாத்து வெட்டி, மலையை இருந்தபடியே நடத்திச் செல்வது ஒரு வழி. முதிய விதைத் தேயிலையை வேரோடு பிடுங்கி, குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வளர்த்து மண்ணைத் தேற்றி, அதன் பின்னர் வீ.பீ. கன்றுகளை நடுவது மற்றொரு வழி. முன்னையதில் செலவு குறைவு. கொழுந்து வரத்தும் முற்றாக அற்றுப்போவதில்லை. ஆனால் மண்ணிலும் வேரிலும் இருக்கும் பழைய நோய்களும் முற்றாக அற்றுப்போவதில்லை. பின்னையதில் பல ஆண்டு வருவாய் இல்லை. ஆயினும் மலை புதியதாகிவிடுகிறது. இவற்றுள் எது நன்று என்று அனுபவமுள்ள கங்காணி ஒருவரைக் கேட்டால், அவர் உடனே விடை கூறமாட்டார். முதலில் மலையைப் போய்ப் பார்ப்பார்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேயிலையன்று, கணினி. கணினியொன்றின் பணிசெயல் முறைமையைப் புதுப்பிக்கும்போது தரமுயர்த்தல் வட்டை வாங்குவதா, முழு நிறுவல் வட்டை வாங்குவதா என்னும் கேள்வி எங்கள் ஊவா மாகாணத்துப் பாடசாலைகளில் ஒரு காலத்தில் அடிக்கடி எழுந்தது. இறுவட்டு என்னும் பொருளே இன்று அருகிவிட்டது. கடைகளில் புதிதாக வரும் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இறுவட்டை இடும் வாயில்கூட இல்லை. ஆயினும் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. வட்டுக்குப் பதிலாக விரல் நீளமுள்ள பென் டிரைவ் வந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

பணிசெயல் முறைமை என்பது யாது? க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் எவரும் இதற்கு விடை கூறுவர். ஆகவே அதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கணினியின் ஆளியைப் போட்டதும் விழித்தெழுந்து, விசைப்பலகையையும் திரையையும் அச்சுப்பொறியையும் வன்தட்டையும் தன் கட்டுப்பாட்டிற் கொண்டு, நாம் எழுதவும் கணக்குப் போடவும் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு இடமும் நேரமும் பகிர்ந்து கொடுக்கும் அடிப்படை மென்பொருளே அது. நம் நாட்டுப் பாடசாலைகளில் மிகுதியாகப் பழக்கத்திலிருப்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதன் எக்ஸ்.பி. என்னும் பதிப்பு 2001ஆம் ஆண்டு ஒக்டோபரிலும், விஸ்டா 2007 சனவரியிலும், விண்டோஸ் 7 2009 ஒக்டோபரிலும், விண்டோஸ் 10 2015 யூலையிலும், விண்டோஸ் 11 2021 ஒக்டோபரிலும் வெளிவந்தன.

இவற்றை விற்ற முறையைச் சிறிது பார்ப்போம். எக்ஸ்.பி. வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் இல்லப் பதிப்பின் முழு வட்டுக்கு விலை 199 டொலர். தரமுயர்த்தல் வட்டுக்கு 99 டொலர். விண்டோஸ் 7 வந்தபோதும் ஏறக்குறைய 200 டொலருக்கு முழு வட்டும், 120 டொலருக்குத் தரமுயர்த்தல் வட்டும் கிடைத்தன. பாதி விலை அல்லது அதனிலும் சிறிது கூடிய விலை. முன்னைய பதிப்பைப் பணம் கொடுத்து வாங்கியவருக்கு அளிக்கப்படும் சலுகையே இது. எனவே அந்தச் சலுகைக்கு உரியவர் தாமே என்பதை வாங்கியவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எக்ஸ்.பி.யின் தரமுயர்த்தல் வட்டை வெறுமையான வன்தட்டில் நிறுவத் தொடங்கினால், இடையில் அது நின்று, "பழைய வட்டைக் காட்டு" என்று கேட்கும். விண்டோஸ் 98இன் வட்டை இட்டால், பார்த்துவிட்டு மேலே செல்லும். விஸ்டாவில் இந்த வழக்கம் மாறியது. பழைய விண்டோஸ் கணினியில் உயிரோடு இருக்க வேண்டும். அதன் உள்ளிருந்தே நிறுவலைத் தொடங்க வேண்டும். வட்டைக் காட்டி நுழையும் வழி அடைக்கப்பட்டுவிட்டது.

இங்கேதான் பலர் மயங்கினர். நானும் மயங்கியவருள் ஒருவன். தரமுயர்த்தல் என்னும் ஒரு சொல் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குறித்து நிற்கிறது. ஒன்று உரிமை பற்றியது: பழையதை வைத்திருப்பவர் புதியதைக் குறைந்த விலைக்குப் பெறலாம் என்பது. மற்றொன்று வேலை பற்றியது: பழைய முறைமையின் மேலேயே புதியதை ஏற்றி, நம் கோப்புகளையும் மென்பொருள்களையும் அமைப்புகளையும் இருந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது. இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. எக்ஸ்.பி. வைத்திருந்தவர் விண்டோஸ் 7இன் தரமுயர்த்தல் வட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவதற்கு உரிமை பெற்றிருந்தார். ஆனால் அந்த வட்டு எக்ஸ்.பி.யிலிருந்த மென்பொருள்களையும் அமைப்புகளையும் தாங்கிச் செல்லாது. அவர் புதிதாகவே நிறுவி, ஒவ்வொரு மென்பொருளையும் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. விஸ்டா வைத்திருந்தவருக்கு மட்டுமே அந்த வசதி கிடைத்தது. அவருக்குங்கூட 32 பிட் முறைமையிலிருந்து 64 பிட் முறைமைக்குச் செல்வதாயின் அந்த வசதி இல்லை. முழுமையாகப் புதிதாக நிறுவியே தீரவேண்டும். பெட்டியின் மேல் தரமுயர்த்தல் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, உள்ளே இருப்பன யாவும் பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடுதல் பெருந்தவறு. (எங்கள் கல்வித் துறையிலும் பாடசாலைகள் தரமுயர்த்தப்படுவதுண்டு. சில வேளைகளில் பெயர்ப்பலகை மட்டுமே மாறும். அது வேறு கதை.)

நிற்க. என் சொந்த அனுபவமொன்றைக் கூறுவது பொருத்தமாக இருக்கும்.

தோட்டப்புறப் பாடசாலைகளின் அலுவலகங்களில் சேர்விடாப்பு என்னும் தடித்த புத்தகமொன்று இருக்கும். பாடசாலையிற் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், லயம் முதலிய விவரங்கள் அதிற் பதியப்பட்டிருக்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் எங்கள் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தாங்கள் யார், எங்கே பிறந்தவர்கள் என்பதைத் தாளிற் காட்ட வேண்டியவர்களாக இருந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்தக் குறையைப் பெரும்பாலும் நீக்கியது. ஆயினும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்கள், அடையாள அட்டைக்கோ சேமலாப நிதிக்கோ வயதை மெய்ப்பிக்க வேண்டிப் பாடசாலைக்கு வருவதுண்டு. அவர்களுக்கு அந்த இடாப்பின் ஒரு வரியே துணை. நான் பொறுப்பேற்ற பாடசாலையில் இருந்த பழைய இடாப்புகளை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. ஆசிரியை ஒருவர் மாலை வேளைகளில் தங்கி, ஈராண்டு காலம் அவற்றைக் கணினியிற் தட்டச்சுச் செய்தார்.

எக்ஸ்.பி.க்கு அளிக்கப்பட்டு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதியுடன் நின்றன. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அக்கணினியை விண்டோஸ் 7க்கு மாற்ற எண்ணி, நகரத்துக் கடையொன்றுக்கு எடுத்துச் சென்றோம். "தரமுயர்த்தித் தாருங்கள்" என்பதே நான் கூறிய சொல். வேலை செய்த இளைஞர் தம் தொழிலை அறிந்தவரே. மந்தமாக இருந்த கணினியை நன்றாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று கருதி, வன்தட்டின் பிரிவுகளை நீக்கி, வடிவமைத்து, சுத்தமாக நிறுவிக் கொடுத்தார். கணினி முன்னெப்போதும் இல்லாத வேகத்துடன் திரும்பி வந்தது. இடாப்பு இல்லை.

அவர் பிரிவுகளை நீக்காமல் அதன் மேலேயே புதிதாக நிறுவியிருப்பாராயின், பழைய கோப்புகள் யாவும் "விண்டோஸ் பழையது" என்னும் பொருள்படும் பெயருடைய உறையொன்றினுள் ஒதுக்கப்பட்டிருக்கும், எடுத்திருக்கலாம். இதை நான் பின்னரே அறிந்தேன். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. என்ன வேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாமற் போனவன் நான்.

ஆசிரியையிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் ஏறக்குறையப் பாதி இடாப்பு பிரதி செய்யப்பட்டிருந்தது. மகிழ்ச்சியோடு திறந்தோம். திரையில் தோன்றியவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிகள்! காரணம் வேறொன்றுமில்லை. நம் நாட்டிற் பலரும் பயன்படுத்திய பாமினி என்னும் எழுத்துருவில் அவை தட்டச்சிடப்பட்டிருந்தன. பாமினியில் 'அ' என்று நாம் காண்பது, கணினியின் கணக்கில் ஆங்கிலத்தின் 'எம்' என்னும் எழுத்தேயாகும். 'ம' என்பது 'கே'. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் வரையில் தமிழ் தெரியும். அது இல்லாவிடில் ஆங்கிலக் குப்பையே தெரியும். முழு நிறுவல் எழுத்துருவையும் துடைத்துவிட்டது. கோப்பைக் காப்பாற்றினோம், அதைப் படிக்கும் கண்ணைக் காப்பாற்றவில்லை. பக்கத்துப் பாடசாலை ஆசிரியரின் கணினியிலிருந்து எழுத்துருவைப் பெற்று நிறுவியதும் பெயர்கள் மீண்டும் தமிழாகின.

மற்றப் பாதியை இடாப்பிலிருந்தே மறுபடியும் தட்டச்சுச் செய்யத் தொடங்கினோம். அந்த இடைக்காலத்தில் சில தாள்கள் உதிர்ந்துபோயிருந்தன. முதன்முறை படிக்க முடிந்த பெயர்களை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. பின்னர் ஒரு நாள், ஓய்வுபெறும் வயதிலிருந்த தொழிலாளிப் பெண்மணி ஒருவர் தம் பிறந்த திகதியைக் கேட்டு வந்தார். அவர் சேர்ந்ததாகச் சொன்ன ஆண்டு உதிர்ந்துபோன தாள்களுக்கு உரியதாக இருந்தது. "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது பரவாயில்லாததாகத் தோன்றவில்லை.

எனவேதான் எந்த வட்டு என்று கேட்பவரிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. கணினியினுள் அழியக்கூடாதது எது, அது வேறு எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். விடை வந்த பின்னரே மற்றவை.

தரமுயர்த்தல் முறையில் நன்மை இல்லாமலில்லை. கணினி நோயின்றி இயங்குகிறது, 32 பிட்டோ 64 பிட்டோ மாறப்போவதில்லை, அடுத்த பதிப்பு பழையதன் நேர் வாரிசு என்றால் அதுவே இலகு. அச்சுப்பொறியை மறுபடி அறிமுகம் செய்ய வேண்டாம். எழுத்துருக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். மாணவர் கோப்புகள் மேசைத்திரையில் அப்படியே தெரியும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தரமுயர்த்திய பின் பத்து நாட்களுக்குள் மனம் மாறினால் முன்னைய நிலைக்குத் திரும்பவும் இயலும். ஆனால் கணினி ஏற்கெனவே மந்தமாகவோ வைரஸ் பிடித்தோ இருந்தால், அந்த மந்தமும் நோயும் புது வீட்டுக்குக் கூடவே குடிவருதல் கூடும். நேரமும் சிலவேளை முழு நிறுவலைக் காட்டிலும் மிகுதியாகும்.

முழு நிறுவலின் தொல்லை வேறுவகையானது. எல்லாம் முடிந்து திரை ஒளிர்ந்த பின்னர், இணையத்தோடு இணைக்கும் பகுதிக்கு உரிய செலுத்தி மென்பொருள் இல்லை என்று தெரியவரும். அதை இணையத்திலிருந்து பெறலாம் என்பார்கள். இணையத்துக்குச் செல்லவோ அந்தச் செலுத்தி வேண்டும்! கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடுவது போன்ற நிலை. ஆகவே தொடங்குமுன் செலுத்திகளைப் பென் டிரைவ் ஒன்றிற் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எனினும், இவை எல்லாவற்றையும் விட மலைநாட்டில் வாழும் நாம் கருதவேண்டிய காரணம் ஒன்றுண்டு. சித்திரை மாதத்திலும் ஐப்பசி மாதத்திலும் பிற்பகல்களில் எல்ல இடைவெளிக்கு மேலே முகில் திரண்டு இடியிடிப்பதை நீங்கள் அறிவீர்கள். மின்னலால் வன்தட்டு இறந்துபோன கணினிகளை நான் கண்டிருக்கிறேன். புது வன்தட்டு வெறுமையானது. அதில் உயிரோடிருக்கும் பழைய விண்டோஸ் ஏது? விஸ்டா காலத்துத் தரமுயர்த்தல் வட்டு மட்டும் கையிலிருந்தவர் முதலில் பழைய எக்ஸ்.பி.யைத் தேடிப் பிடித்து நிறுவி, அதன் மேல் விஸ்டாவை ஏற்ற வேண்டியிருந்தது. பழைய வட்டு கீறலுற்றிருந்தாலோ, மற்றொரு பாடசாலைக்குக் கொடுக்கப்பட்டிருந்தாலோ அதோடு முடிந்தது. உண்மையில் அப்படிக் கொடுப்பதற்கு அனுமதியும் இல்லை; தரமுயர்த்தியவுடன் பழைய உரிமம் புதியதற்குள் அடங்கிவிடுகிறது, இரண்டு கணினிகளில் வாழ அதற்கு உரிமையில்லை. இந்த நிபந்தனையை அறியாமல், மலையடிவாரத்துச் சிறு பாடசாலையொன்றுக்கு எங்கள் பழைய வட்டுகளை அன்பளிப்பாகக் கொடுக்க நானே ஒருமுறை முனைந்ததுண்டு. நூறு டொலர் மிச்சம் பிடிப்பது, வன்தட்டு உயிரோடிருக்கும் வரையில்தான் மிச்சம். என் எண்ணத்தில், இடிக்கும் மின்வெட்டுக்கும் பழகிய ஊர்களில் வெறுமையிலிருந்து தொடங்க வழியில்லாத வட்டை நம்பியிருத்தல் தகாது.

மைக்ரோசொப்ட் நிறுவனமும் நாளடைவில் இந்தப் பிரிவினையைக் கைவிடத் தொடங்கியது. 2013ஆம் ஆண்டு விண்டோஸ் 8.1ஐ முழு வட்டாகவே, ஏறக்குறைய 120 டொலருக்கு விற்றது. விண்டோஸ் 10 வந்தபோது, 7ஐயும் 8.1ஐயும் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு காலம் இலவசமாகவே தரமுயர்த்தல் வழங்கியது. அவ்வாறு தரமுயர்த்திய கணினியை அந்நிறுவனம் நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னர் அதே கணினியில் முழுமையாகப் புதிதாக நிறுவினாலும் திறவுகோல் எண் கேட்பதில்லை. அவ்வகையில் உரிமைக்கும் வேலைக்கும் இடையே இருந்த முடிச்சு அவிழ்ந்தது. இன்று நிறுவனத்தின் தளத்திலிருந்து ஒரு கருவியைப் பெற்று, எட்டு கிகாபைற் கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றை நாமே நிறுவல் வட்டாக ஆக்கிக்கொள்ளலாம். அந்த ஒரே பென் டிரைவ் தரமுயர்த்தவும் செய்யும். துடைத்து நிறுவவும் செய்யும். தெருவோரத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் கள்ளப் பிரதிகளை நாட வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, அலுவலகத்தில் கள்ளப் பிரதியை ஓட்டுவது ஆசிரியருக்கு அழகன்று.

இப்போது புதியதொரு நெருக்கடி வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 நான்கு கிகாபைற் நினைவகத்தையும் 64 கிகாபைற் சேமிப்பிடத்தையும் மட்டுமன்றி, டீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், அண்மைக்காலத்து முறைவழியாக்கியையும் வேண்டி நிற்கிறது. பாடசாலைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த கணினிகளில் இவை இல்லை. தரமுயர்த்த முயன்றால் நிறுவலே வாயிலில் நின்று, இக்கணினி தகுதியற்றது என்று கூறிவிடும். தடையைச் சுற்றிச் செல்லும் தந்திரங்களை இளைஞர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த திருத்தம் வருமோ வராதோ என்ற ஐயத்தோடு பிள்ளைகளின் பரீட்சை வேலைகளை அதில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

அத்தகைய கணினிகளுக்கு எஞ்சியிருப்பது லினக்ஸ் வகைப் பணிசெயல் முறைமை. உரிமத்துக்கு விலையில்லை, ஆகவே பாதி விலை, முழு விலை என்ற பேச்சும் இல்லை. கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானை மலைத்தொடரின் பெயரால் நம் நாட்டு ஆர்வலர்களே முன்னர் ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியிருந்தனர். இப்போது உபுண்டு போன்றவை எளிதிற் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குச் செல்வதில் தரமுயர்த்தல் என்பதே கிடையாது. மலையைப் பிடுங்கி நடுவதே வழி. ஒருங்குறித் தமிழை அது நன்றாகக் காட்டும். அந்த விடயத்தில் எக்ஸ்.பி.யை விட மேல். எக்ஸ்.பி.யில் தமிழை முறையாகக் காண்பதற்குச் சிக்கலான எழுத்து முறைகளுக்கான பகுதியைத் தனியே சேர்க்க வேண்டும். அதற்கும் மூல வட்டையே கேட்கும். வட்டு தொலைந்தவருக்குத் தமிழும் தொலைந்தது போலாகிவிடும்.

எங்கள் பாடசாலையிலே கணினிக் கூடத்திலிருந்த பழைய கணினிகளுட் சிலவற்றில் கடந்த விடுமுறையில் லினக்ஸை முழுமையாக நிறுவினோம். அலுவலகக் கணினி புதியது; அதை 10இலிருந்து 11க்குத் தரமுயர்த்தினோம், அச்சுப்பொறியும் எழுத்துருக்களும் இருந்தபடி இருக்கட்டும் என்பதற்காக. தொடங்குவதற்கு முந்தின நாள் அந்த ஆசிரியையே வந்து இடாப்பைத் திறந்து காட்டினார். பாமினியிலிருந்த பெயர்கள் யாவும் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டிருந்தன. மாற்றும்போது சில 'ண'கரங்களும் 'ன'கரங்களும் இடம் மாறியிருந்ததைக் கண்டு, மூல இடாப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பிரதி வெளி வன்தட்டில். ஒரு பிரதி என் வீட்டில். அச்சிட்ட பிரதி ஒன்று தகரப் பெட்டியில், வேப்பிலைச் சருகோடு. வாசிக்க முடியாத பெயர்களின் இடத்தில் வெற்றுக் கோடு இடப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் அங்கே படித்த முதியவர்கள் எவரேனும் வந்தால், அவர்களைப் பக்கத்தில் இருத்தி, உடன் படித்தவர்களின் பெயர்களைக் கேட்டு, அந்தக் கோடுகளுக்கு எதிரே பென்சிலால் எழுதி வருகிறோம்.